வெயில் காட்டிக்கொடுத்த கீறல்கள்

புதிய காரை எடுத்து வந்த அன்று, வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கருநீல வண்டி. ஷோரூமின் குழல்விளக்குகளுக்குக் கீழே கண்ணாடிபோல் இருந்த பானெட் மீது மாலை வெயில் சாய்வாக விழுந்தது. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய வட்டங்கள் தெரிந்தன. தூசி என்று நினைத்து விரலால் தொட்டேன். தூசி இல்லை. கீறல்கள். நூற்றுக்கணக்கில். வண்டி ஓடியிருந்த தூரம் 14 கிலோமீட்டர்.

அந்த வட்டங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உண்மையில் அவை வட்டங்களே அல்ல. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் நுண்ணிய கோடுகள்தான். அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுகின்றன, மற்றவை மறைந்துவிடுகின்றன. அதனால்தான் நாம் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகர்கிறது. மேகமூட்டமான நாளில் இது எதுவும் தெரியாது. வெள்ளை வண்டியில் பெரும்பாலும் தெரியாது. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு ஆகிய நிறங்கள்தான் எதையும் மறைக்காமல் காட்டிவிடும்.

தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது வண்டியில் இவை இருப்பதில்லை. லாரியிலும் ரயிலிலும் வந்து, திறந்தவெளியில் நாள்கணக்கில் நின்று, மேலே மண்ணும் இரும்புத்துகளும் படிந்த வண்டியை, வாடிக்கையாளர் வருகிறார் என்ற அவசரத்தில் ஒருவர் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் துடைத்துவிடுகிறார். சில நேரம் தண்ணீர்கூட இல்லாமல், உலர்ந்த துணியால். தெருமண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதைத் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் வைத்து இழுப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். என் வண்டிக்கு நடந்தது அதுதான். துடைத்த இளைஞரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். காசை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரமே, வண்டியைச் சுத்தம் செய்து மெருகேற்றித் தரும் ஒரு டீடெய்லிங் கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டே மணி நேரத்தில் 'பாலிஷ் போட்டு'க் கொடுத்தார்கள். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. மகிழ்ச்சியோடு வந்தேன். மூன்றாவது முறை ஷாம்பு போட்டுக் கழுவியபோது, அத்தனை கோடுகளும் அதே இடத்தில் திரும்பி வந்திருந்தன. அவர்கள் கீறலை நீக்கவே இல்லை. எண்ணெய்ப் பசையும் நிரப்பிகளும் கலந்த ஒரு பசையால் பள்ளங்களை அடைத்திருந்தார்கள். ஷாம்பு அதைக் கரைத்ததும் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

'பாலிஷ் போடுவது' என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மை போடுகிறோம், வெள்ளை அடிக்கிறோம், பாலிஷ் போடுகிறோம். எதையோ மேலே பூசுகிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையான பாலிஷ் எதையும் பூசுவதில்லை. அது எடுக்கிறது. வைரத்தைப் பட்டை தீட்டுவதுபோல, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மேற்பரப்பைச் சீவி எடுத்துச் சமன் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் ஒரு செலவு. கையிருப்பு எவ்வளவு என்று தெரியாமல் செலவழிக்கக் கூடாது.

அந்தக் கையிருப்பு மிகவும் குறைவு. காரின் தகட்டில் முதலில் துருப்பிடிக்காமல் இருக்க மின்முறையில் ஏற்றப்படும் ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். இவை எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சராசரியாக 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், வண்டியின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்களும் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கின்றன. அளவுக்கு மீறித் தேய்த்தால் சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் உரிந்து வருவதைப் பல பழைய வண்டிகளில் பார்க்கலாம். அதன் பிறகு பாலிஷால் பயன் இல்லை. பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. பாலிஷ் செய்யும் மெஷின் ஒன்று வாங்கினேன். நண்பரிடமிருந்து தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். அவரிடமே கிடந்த பழைய பானெட் ஒன்றில் இரண்டு வாரம் பழகினேன்.

தடிமன் கருவி பற்றி ஒரு வார்த்தை. புதிய காரை எடுப்பவர்களுக்கு இது பாலிஷுக்கு முன்பே பயன்படும். என் வண்டியில் எல்லா இடத்திலும் 105 முதல் 130 வரை காட்டியது. ஏதாவது ஒரு கதவில் மட்டும் 220, 250 என்று காட்டினால், வழியில் அடிபட்டு மீண்டும் பெயிண்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அது வேறு ஒரு காரணத்துக்காகவும் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் உடலை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்துகிறார்கள். அந்தப் பெயிண்ட் முழுதும் இறுகித்தான் வெளியே வருகிறது. மறுநாளே அதன்மேல் செராமிக் கோட்டிங் (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) செய்யலாம். பட்டறையில் அடித்த பெயிண்டை அவ்வளவு சூடாக்க முடியாது. டயர், பிளாஸ்டிக், வயர் எல்லாம் உடலோடு இருக்குமே! அதில் உள்ள கரைப்பான் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மேலே கோட்டிங் போட்டு மூடக் கூடாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணக் கருவி அதை அளக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவி முடித்ததும் செய்த முதல் சோதனை எளிமையானது. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றில் கையை நுழைத்துப் பானெட்டை மெதுவாகத் தடவினேன். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பைக்குள் இருந்து தடவும்போது ரவைபோல நறநறத்தது. பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்து கிளியர் கோட்டில் குத்தி நிற்கும் இரும்புத்துகள்கள் அவை. இரும்பு நீக்கும் திரவத்தைத் தெளித்து இரண்டு நிமிடம் காத்திருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஆங்காங்கே ஊசிமுனை அளவில் ஊதாப் புள்ளிகள். அவை நீண்டு, கதவின் கீழ்ப்பகுதியில் ஊதாக் கோடுகளாக வழிந்தன. அந்தத் திரவத்தில் உள்ள தையோகிளைகோலேட் உப்பு இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது. நாற்றம் தாங்க முடியாது. அழுகிய முட்டை வாடை. காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்ய வேண்டும். சூடான தகட்டில் தெளிக்கவே கூடாது.

அதற்கும் அசையாத துகள்களைக் களிமண்போல் இருக்கும் கிளே கட்டியால் எடுக்க வேண்டும். வழுக்குத் திரவத்தை நிறையத் தெளித்துவிட்டு, அழுத்தாமல் நகர்த்த வேண்டும். கட்டி கீழே விழுந்தால் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஒட்டிய மண்ணைக் கழுவிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

பிறகு பாலிஷ். இந்த வேலையில் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றுதான்: முழு வண்டியையும் தொடுவதற்கு முன்னால் ஒரு சிறு சதுரத்தில் முயன்று பாருங்கள். பானெட்டின் நடுவில் ஒரு முழ நீளச் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்தேன். மெஷினில் மாட்டும் பேடுகளில் இருப்பதிலேயே மென்மையானது, இருப்பதிலேயே மென்மையான பாலிஷ். பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினை ஓடவிடாமல் முதலில் தடவிவிட்டு, பிறகு குறைந்த வேகத்தில் தொடங்கி, ஒரு வரிசையின் பாதி அடுத்த வரிசையில் விழும்படி குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. சுழற்சியோடு அதிர்வும் சேர்ந்த மெஷின் என்பதால் சூடு அதிகம் ஏறவில்லை. ஒரே அச்சில் சுழலும் பழைய வகை மெஷின் பழகாத கையில் சில நொடிகளில் விளிம்பைச் சுட்டுவிடும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் அந்தச் சதுரத்தைத் துடைத்தேன். கடைக்காரரிடம் ஏமாந்த பிறகு இந்தத் துடைப்பை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. பாலிஷின் எண்ணெய் போனால்தான் கீறல் போனதா, அடைபட்டதா என்று தெரியும். துடைத்துவிட்டு டேப்பை உரித்து டார்ச்சைப் பிடித்தேன். டேப்பின் ஒரு பக்கம் சாம்பல் படிந்ததுபோன்ற மங்கல் நீலம், அதில் சிலந்தி வலை. மறுபக்கம் ஆழ்கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஒரே இருள், நடுவில் டார்ச்சின் ஒற்றைப் புள்ளி. நேர்க்கோடு போட்டுப் பிரித்ததுபோல் இருந்தது. அந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

இரண்டு கோடுகள் மட்டும் போகவில்லை. நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுப்பட்டன. நகம் தட்டுகிற கீறலை பாலிஷால் முழுவதும் எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும். விட்டுவிட்டேன். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க இன்று எனக்கே டார்ச் தேவை. குற்றமே இல்லாத மேற்பரப்பைவிடத் தடிமன் மிச்சமுள்ள மேற்பரப்பு மேல். புதிய வண்டிக்கு மென்மையான ஒரு பாலிஷ் பெரும்பாலும் போதும். அதில் போவது ஓரிரு மைக்ரான். கதவு விளிம்பு, உடலின் மடிப்புக் கோடு ஆகியவற்றில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியது. அங்கே டேப் ஒட்டி மெஷின் படாமல் காப்பாற்ற வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் உள்ள வண்டி என்றால் பாலிஷ் பக்கமே போகக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மின்னத் தொடங்கிவிடும்.

இப்போது செராமிக் கோட்டிங். பெயரைக் கேட்டதும் வண்டிமேல் பீங்கான் கவசம் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். விற்பவர்களும் அப்படியே நினைக்கவிடுகிறார்கள். அது சிலிக்கான் சேர்மங்கள் கரைந்த ஒரு திரவம். பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது; மிஞ்சும் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று வலைபோல் இணைந்து கிளியர் கோட்டைப் பற்றிக்கொள்கின்றன. மெழுகு மேலே உட்கார்ந்திருக்கும், இது பிடித்துக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் கரைந்துபோகும் மெழுகுக்கும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கோட்டிங்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆனால் இறுகிய படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானை ஒட்டித்தான். அவ்வளவு மெல்லிய கண்ணாடிப் படலம் கல்லைத் தடுக்காது. லாரி டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்கு எதிராக ஏதாவது வேண்டுமென்றால், 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் பிலிம் ஒட்ட வேண்டும். அது வேறு பொருள், வேறு வேலை.

'9எச் கடினத்தன்மை' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, வைரத்துக்கு ஒரு படி கீழே என்று என்னிடம் ஒருவர் விளக்கினார். வைரம் 10 என்பது மோஸ் அளவுகோல். கனிமங்களுக்காக 1812-இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்தது. 9எச் என்பது பென்சில் அளவுகோல். வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 டிகிரி சாய்வில் ஒரே எடையோடு பூச்சின்மீது தள்ளி, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்க்கும் சோதனை. பென்சில் முனையோ கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. தெருவில் கிடக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவில் 7. அதன் முன்னால் எந்தப் பென்சிலும் நிற்காது. கோட்டிங் போட்ட வண்டியைத் தூசியோடு துடைத்தால் கீறல் விழும். சந்தேகமே வேண்டாம்.

அப்படியென்றால் எதற்கு அது? அழுக்கு ஒட்டாமல் இருப்பதற்கு. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லிப் பழகியதைத்தான் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நெய்ன்ஹுயிஸும் 1997-இல் நுண்ணோக்கி வழியாக விளக்கினார்கள். இலையின் மேற்பரப்பில் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் இருப்பதால் நீர்த்துளி இலையைத் தொடும் பரப்பு மிகமிகக் குறைவு. துளியின் விளிம்பு இலையோடு சேரும் கோணம் 150 டிகிரிக்கும் மேல்; துளி ஏறக்குறைய உருண்டையாக நிற்கிறது. கோட்டிங்கில் அத்தகைய மேடுகள் இல்லை. அதன் கோணம் 100, 110 டிகிரி அளவில்தான் இருக்கும். தாமரை இலை அல்ல. ஆனாலும் தண்ணீர் திரண்டு ஓடுகிறது. ஓடும்போது மண்ணில் பெரும்பகுதியைக் கொண்டுபோகிறது. நாம் தேய்க்க வேண்டியது குறைகிறது. தேய்ப்பது குறைந்தால் கீறல் குறைகிறது. பறவை எச்சமும் பூச்சியின் சாறும் கிளியர் கோட்டைத் தொட இன்னும் சிறிது நேரம் பிடிக்கிறது. இதற்காகவே கோட்டிங் போட வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

பூசுவது கடினமில்லை, கவனம்தான் வேண்டும். நிழல், தூசி அடங்கிய இடம், குளிர்ந்த தகடு. மெல்லிய துணி சுற்றிய கட்டையில் சில சொட்டுகள் விட்டு, இரண்டடிக்கு இரண்டடி பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகத் தடவினேன். அரை நிமிடத்தில் அந்தப் பரப்பில் தண்ணீரில் விழுந்த எண்ணெய்போல வானவில் நிறங்கள் எழுந்தன. மிச்சத்தைத் துடைக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு துணியால் எடுத்து, இன்னொரு துணியால் சமன் செய்து, டார்ச்சைச் சாய்த்துப் பார்த்து, அடுத்த சதுரம். எட்டு மணி நேரம். பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அளவு இடத்தைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கிறேன். மறுநாள் காலை அங்கே எண்ணெய்க் கறைபோல் ஒரு கருத்த திட்டு இறுகி நின்றது. எந்தத் திரவத்துக்கும் அசையவில்லை. அந்த இடத்தை மட்டும் மீண்டும் பாலிஷ் செய்து, மீண்டும் பூசினேன். கீழே கீறல் இருந்தால் கீறலும், திட்டு இருந்தால் திட்டும் கோட்டிங்குக்குள் அப்படியே தங்கிவிடும். அதனால்தான் முன்வேலைக்கு இவ்வளவு பாடு. கடைக்குக் கொடுப்பவர்கள் எந்தப் பிராண்டு என்று கேட்பதற்கு முன்னால், பாலிஷுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள்.

முதல் நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

கோட்டிங் போட்ட பிறகு எனக்கு வந்த புதிய தொல்லை நீர்க்கறை. முன்பு பரவிக் காய்ந்த தண்ணீர் இப்போது துளித்துளியாக உருண்டு நிற்கிறது. உப்புத் தண்ணீராக இருந்தால், ஒவ்வொரு துளியும் காயும்போது தன்னிடமுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் ஒரே இடத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. வெள்ளை வளையங்கள். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் அவை கோட்டிங்கை அரித்து உள்ளே இறங்கிவிடும். புதிதாக இருந்தபோதே நீர் கலந்த வினிகரால் துடைத்து, உடனே நல்ல நீரால் கழுவியதில் போய்விட்டது. அதன் பிறகு வெயிலில் கழுவுவதை நிறுத்தினேன். கழுவியதும் காயவிடாமல் தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுக்கிறேன்.

கழுவும் முறையும் மாறிவிட்டது. தேய்ப்பதற்கு முன் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிடுகிறேன். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வண்டியைத் தேய்க்கும் கையுறையை அலசத் தூய தண்ணீர். மேலிருந்து கீழாக, நேர்க்கோட்டில். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாக, துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைக்கிறேன். சுழலும் பிரஷ் உள்ள தானியங்கிக் கழுவலுக்கு வண்டியைக் கொண்டுபோவதே இல்லை. பறவை எச்சம் விழுந்தால், வண்டியில் இருக்கும் சிறு தெளிப்பானால் நனைத்து, ஊறவிட்டு, தூக்கி எடுக்கிறேன். காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. அதில் யூரிக் அமிலத்தோடு மண்ணும் விதைத் தூளும் இருக்கும்.

சென்ற மாதம் அக்கா மகன் அழைத்தான். அவனும் கார் வாங்கியிருக்கிறான், அதுவும் கறுப்பு. "மாமா, எந்தக் கோட்டிங் போடலாம்?" என்றான். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஷோரூமுக்குப் போய், வண்டியைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், மேலே ஒட்டியிருக்கும் பிலிமையும் உரிக்க வேண்டாம், வந்தபடியே கொடுங்கள் என்று எழுதிக் கொடு என்றேன். விற்பனையாளருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கிறது. இரண்டு முறை உறுதிப்படுத்திக் கேட்டாராம்.

வண்டி புழுதியோடு வந்தது. கூரையில் விரலால் பெயர் எழுதும் அளவுக்கு மண். அவனுக்கு முகம் வாடிவிட்டது. மாலையில் வெயில் இறங்கிய பிறகு இரண்டு பேருமாக இரண்டு வாளி வைத்துக் கழுவினோம். ஈரத்தை ஒற்றி எடுத்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. டார்ச்சை அவனிடமே கொடுத்தேன். பானெட், கூரை, நான்கு கதவுகள் என்று ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே போனான். டிக்கி மூடிக்கு அருகில் வந்து நின்று, "ஒன்றும் இல்லையே, மாமா" என்றான்.

மெஷினை நான் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.